வாதத்தின் வலுவைக் குறைப்பது எப்படி?



தேர்வுக்குப் படிப்போருக்காக நாம் நடத்திவரும் இந்த உரை வரிசையில் இன்று எடுத்துக்கொண்டிருப்பது தருக்கச் சிந்தனை வினாக்களில் ஒரு வகை. வணிக மேலாண்மையில் மேற்படிப்புக்குச் செல்வோர் எழுதும் ஜிமேட், அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டம் பயில விரும்புவோர் எழுதும் எல்சாட் ஆகிய இரண்டு தேர்வுகளிலும் இவ்வகை வினா தவறாமல் இடம்பெறும். 2024 ஆகஸ்டு முதல் எல்சாட் தேர்வில் புதிர்க் கணக்குப் பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆதலால் இப்போது அத்தேர்வில் வாதங்களை ஆராயும் வினாக்களுக்கு முன்னிலும் அதிக இடம் கிடைத்திருக்கிறது.

வினாவின் அமைப்பு எளியதுதான். முதலில் ஒரு சிறிய பத்தி வரும். அதில் ஒருவர் ஏதோ ஒரு முடிவைக் கூறி, அதற்குக் காரணமும் காட்டியிருப்பார். அதன் கீழே, "பின்வருவனவற்றுள் எது, உண்மையாக இருப்பின், மேற்கண்ட வாதத்தை மிகவும் வலுவிழக்கச் செய்யும்?" என்று கேட்டிருப்பார்கள். அதற்குக் கீழே ஐந்து கூற்றுகள் இருக்கும். அவற்றுள் ஒன்றே விடை.

இவ்வினாவில் இடறி விழுவோர் யாவரும் மொழியறிவு குறைந்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நன்றாகப் படித்தவர்களும் இடறுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மில் பலர் வாதம் செய்யக் கற்றுக்கொண்ட இடம் பட்டிமன்றம். எதிரணியினர் எதைச் சொன்னாலும் "இல்லவே இல்லை" என்று மறுத்துக் கைதட்டு வாங்குவது அங்கே வழக்கம். தேர்வு மண்டபத்தில் அந்தப் பழக்கம் நமக்குத் துணை செய்யாது. அங்கே நம்மிடம் கேட்கப்படும் வேலை வேறு. அந்த வேலை என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

எந்த வாதத்திலும் இரண்டு பகுதிகள் கண்ணுக்குத் தெரியும். ஒன்று, சொல்பவர் காட்டும் ஆதாரம். மற்றொன்று, அதிலிருந்து அவர் எட்டும் முடிவு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது ஏட்டில் எழுதப்பட்டிராது. ஆதாரம் என்னும் கரையிலிருந்து முடிவு என்னும் கரைக்குப் போக அவர் மனத்துக்குள்ளேயே ஒரு பாலம் போட்டிருப்பார். சொல்லாமல் கொண்ட அந்த எண்ணத்தை எடுகோள் என்கிறோம்.

ஒருவர், "நேற்று அந்தக் கடையில் சாப்பிட்டேன். இன்று வயிற்றுவலி. ஆகவே அந்தக் கடைச் சாப்பாடு கெட்டது" என்கிறார். கடையில் சாப்பிட்டது ஆதாரம், வயிற்றுவலியும் ஆதாரம். சாப்பாடு கெட்டது என்பது முடிவு. வேறு எதனாலும் இந்த வயிற்றுவலி வரவில்லை என்பது அவர் சொல்லாமல் விட்ட எடுகோள். "நீங்கள் இரவு வீட்டுக்கு வந்து நான்கு மாங்காய் தின்றீர்களே!" என்று அவர் மனைவி நினைவுபடுத்தினால் என்ன ஆகிறது? கடையில் சாப்பிட்டதை அவர் மறுக்கவில்லை. வயிற்றுவலியையும் மறுக்கவில்லை. கடைச் சாப்பாடு நல்லது என்று சான்றிதழும் கொடுக்கவில்லை. நடுவில் இருந்த பாலத்தில் ஒரு பலகையை மட்டும் கழற்றிவிட்டார். வாதத்தை வலுவிழக்கச் செய்வது என்றால் இதுதான்.

இது நமக்குப் புதிய கலையும் அன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என வாதத்தைப் பிரித்து, அவை ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகளையும் அடுக்கிக் காட்டுகிறார். ஏது என்றால் காரணம். காரணம்போலத் தோன்றிக் காரணமாகாமல் போவது ஏதுப்போலி. இன்று தேர்வில் நம்மைத் தேடச் சொல்வதும் பெரும்பாலும் அந்த ஏதுப்போலியைத்தான்.

நேயர்களே, மாங்காய்க் கதை வேடிக்கைக்காகச் சொன்னது. இந்தக் கலை மனித உயிர்களைக் காத்த வரலாறு ஒன்று நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. அதில் நம் முன்னோரின் சோற்றுப் பானைக்கும் பங்கு உண்டு. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரு வாதம் எப்படி எழுகிறது, எப்படி வலுவிழக்கிறது, எப்படி மீண்டும் வலுப்பெறுகிறது என்பவை யாவும் அதில் அடங்கியிருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஏராளமானோரைப் பலிகொண்டது. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே இந்நோய் மிகுதியாக இருந்தது. தமிழ்த் தொழிலாளர்களிடையே அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதை உற்றுநோக்கினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கலரிசி. ஆகவே நோய்க்குக் காரணம் அந்த வெள்ளை அரிசியே என்று அவர் வாதிட்டார். 1907இல் இதைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

இந்த வாதத்தைத் தேர்வுத் தாளில் வந்த பத்தியாக வைத்துக்கொள்வோம். இதை எப்படி வலுவிழக்கச் செய்யலாம்? சீனர்கள் வெள்ளை அரிசி உண்ணவில்லை என்று சொல்லலாமா? கூடாது, அது ஆதாரத்தையே மறுப்பது. அரிசியால் நோய் வராது என்று சொல்லலாமா? அதுவும் போதாது. அது வெறும் மறுப்பு. அதில் காரணம் இல்லை. பாலத்தைப் பார்க்க வேண்டும். சீனருக்கும் தமிழருக்கும் இடையே அரிசியைத் தவிர வேறு முக்கிய வேறுபாடு எதுவும் இல்லை என்பதே பிராடனின் வாதத்தில் மறைந்திருந்த எடுகோள். உண்மையில் வேறுபாடுகள் பல இருந்தன. ஒருவர் சுரங்கத்தில் வேலை செய்தார். மற்றவர் தோட்டத்தில் வேலை செய்தார். குடியிருப்பு வேறு. கறிவகை வேறு. சுரங்கக் குடிசைகளில் ஏதேனும் தொற்றுக் கிருமி இருந்தால்? நோய் அதனால் வந்திருக்கலாம் அல்லவா? அக்காலத்து மருத்துவர் பலர் இது தொற்றுநோய் என்றே நம்பினர். ஆகவே அந்த ஐயம் நியாயமானது.

வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவரும் அரிசிக்கும் பெரிபெரிக்கும் தொடர்பு இல்லை என்ற கருத்துடையவர்தாம். அவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். 1905இல் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு இறுதியில் அவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்கு வழக்கம்போல் சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் இரு சாராருக்கும் ஒன்றே. ஒரு சாரார் முற்றத்தின் கிழக்குப் பக்கத்துக் கூடத்திலும் மறு சாரார் மேற்குப் பக்கத்துக் கூடத்திலும் தங்கினர்.

இந்த ஏற்பாட்டினால் கிடைத்த நன்மையைக் கவனியுங்கள். இரு சாராரும் இப்போது ஒரே வளாகத்தில் இருந்தனர். சுரங்கம், தோட்டம் என்ற வேறுபாடு மறைந்தது. வரிசை எண்ணை வைத்தே பிரித்ததால் யாரும் வேண்டியவர்களைப் பொறுக்கி எடுத்ததாகச் சொல்ல இடமில்லை. பிராடனின் வாதத்தில் கழன்று விழக்கூடிய பலகைகளை ஒவ்வொன்றாக ஆணி அடித்து இறுக்கியது போலாயிற்று.

ஆனாலும் ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது. அது எது? சற்று எண்ணிப் பாருங்கள். ஆம், கூடம்! வெள்ளை அரிசி உண்டோர் கிழக்கே, புழுங்கலரிசி உண்டோர் மேற்கே. கிழக்குக் கூடத்தில் நோய் மிகுந்தால், அது அரிசியின் குற்றமா, கூடத்தின் குற்றமா? பிளெட்சர் இதை உணர்ந்திருந்தார். 1906 ஜூன் மாதத்தில் இரு சாராரையும் கூடம் மாற்றினார். உணவை மாற்றவில்லை. நோயோ கூடத்தைப் பின்தொடரவில்லை. வெள்ளை அரிசியைப் பின்தொடர்ந்தது. சோதனையின் முடிவில் வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டிருந்தது. 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

அந்தப் 18 பேரும் தம் சம்மதத்தைக் கேட்கப்பெறாதவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இன்றைய மருத்துவ ஒழுக்கம் அத்தகைய சோதனைக்கு இடம் தராது. நாம் இன்று அறிந்திருக்கும் உண்மைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

இதன் பிறகும் ஐயம் முற்றாகத் தீரவில்லை. "மருத்துவமனையிலேயே நோய்த் தொற்று இருந்திருக்கலாமே, புழுங்கலரிசி உடலுக்குத் தெம்பு கொடுத்து அதைத் தாங்க வைத்திருக்கலாமே" என்று கேட்க வழி இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் 1907இல் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்னும் காட்டுப் பகுதிக்குச் சென்றனர். அங்கே சாலை போட வந்திருந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசியும் மறு குழுவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். புதிய இடம், புதிய குடிசைகள். சில மாதங்களில் வெள்ளை அரிசி உண்ட குழுவில் பெரிபெரி தோன்றியது. பின்னர் அரிசியை மாற்றிக் கொடுத்தனர். நோயும் மாறியது. இடத்தைக் குறை சொல்லும் வழியும் அடைபட்டது.

இந்த வரலாற்றில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பதே பிராடனின் கருத்து. நோய் அரிசியைப் பின்தொடர்கிறது என்ற ஆதாரம் இக்கருத்துக்குப் பொருந்தும். ஆனால் அதே ஆதாரம் வேறொரு விளக்கத்துக்கும் அதே அளவு பொருந்தும். வெள்ளை அரிசியில் கெட்டது ஒன்றும் சேரவில்லை. நல்லது ஒன்று குறைந்துபோயிற்று என்பதே அந்த விளக்கம். பிற்கால ஆராய்ச்சி இதையே மெய்ப்பித்தது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்து அது. 1926இல் ஜாவாவில் ஜான்சன், டோனாத் என்ற இரு அறிஞர்கள் அதைத் தனியே பிரித்தெடுத்தனர். தயாமின் என்றும் பி1 வைட்டமின் என்றும் நாம் அதை அழைக்கிறோம். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நம் பாட்டிமார் காரணம் அறியாமலே நெல்லை அவித்தனர். அது நம்மைக் காத்தது.

ஆகவே நேயர்களே, ஒரே ஆதாரத்துக்கு இரண்டு விளக்கம் பொருந்தும்போது, முதல் விளக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்குப் போகிற வாதம் வலுக் குறைந்தது. தேர்வில் நாம் தேடும் விடை பெரும்பாலும் அந்த இரண்டாவது விளக்கமே.

இப்போது ஒரு பயிற்சி வினாவைப் பார்ப்போம். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நாம் மெதுவாகவே படிக்கிறோம்.

ஒரு பள்ளியில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மாலை நேரக் கணித வகுப்பு நடந்தது. ஆண்டிறுதித் தேர்வில் அந்த வகுப்புக்குச் சென்றவர்களின் சராசரி மதிப்பெண் 78. செல்லாதவர்களின் சராசரி 61. ஆகவே எல்லா மாணவர்களையும் மாலை வகுப்புக்கு அனுப்பினால் பள்ளியின் கணிதத் தேர்ச்சி உயரும் என்கிறார் தலைமையாசிரியர்.

இந்த வாதத்தை மிகவும் வலுவிழக்கச் செய்வது எது?

அ. மாலை வகுப்புக்குச் சென்றவர்களில் சிலர் 61க்கும் குறைந்த மதிப்பெண் பெற்றனர்.

ஆ. மாலை வகுப்பை நடத்திய ஆசிரியர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்.

இ. மாலை வகுப்புக்கான கட்டணம் பல பெற்றோருக்குச் சுமையாக இருந்தது.

ஈ. முந்திய ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் 70க்கு மேல் பெற்றவர்கள் மட்டுமே மாலை வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

உ. மாலை வகுப்புக்குச் செல்லாதவர்களில் பலர் அறிவியல் பாடத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர்.

விடையைத் தேடுமுன் பாலத்தைக் காண்போம். 78க்கும் 61க்கும் உள்ள இடைவெளியை மாலை வகுப்பே உண்டாக்கியது என்பது தலைமையாசிரியர் சொல்லாமல் கொண்ட எண்ணம். வகுப்பில் சேருமுன் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தார்கள் என்றும் அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்த எண்ணத்தை அசைப்பது எது?

முதல் கூற்று பலரையும் மயக்கும். ஆனால் 78 என்பது சராசரி. சராசரி என்றால் சிலர் மேலேயும் சிலர் கீழேயும் இருப்பது இயல்பே. தலைமையாசிரியர் அதை மறுக்கவில்லை. இரண்டாம் கூற்று வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதே ஒழியக் குறைக்கவில்லை. அவசரத்தில் படிப்போர் இதைக் குறித்துவிட்டு வருந்துவதுண்டு. மூன்றாம் கூற்று நம் உள்ளத்தைத் தொடுவது. பெற்றோரின் சுமை நமக்குத் தெரியாதா? ஆனால் எல்லாரையும் அனுப்பினால் தேர்ச்சி உயருமா என்பதே கேள்வி. அனுப்ப வசதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஐந்தாம் கூற்று அறிவியலைப் பற்றியது. நம் பேச்சு கணிதத்தைப் பற்றியது.

எஞ்சியது நான்காம் கூற்று. மாலை வகுப்பில் சேர்ந்தவர்கள் முன்பே கணிதத்தில் தேர்ந்தவர்கள் என்றால், அவர்கள் 78 வாங்கியதில் வகுப்பின் பங்கு எவ்வளவு? தெரியவில்லை. பாலம் ஆட்டம் கண்டுவிட்டது. இதுவே விடை.

ஒன்றைக் கவனியுங்கள். மாலை வகுப்பு பயனற்றது என்று நான்காம் கூற்று மெய்ப்பிக்கவில்லை. ஒருவேளை அந்த வகுப்பு மிக நல்ல வகுப்பாகவே இருக்கலாம். தலைமையாசிரியர் காட்டிய ஆதாரம் அதைக் காட்டப் போதாது என்பதே நாம் சொல்வது. வலுவிழக்கச் செய்வது வேறு, பொய்யாக்குவது வேறு. இந்த வேறுபாட்டை உணராதவர்கள் வாதத்தை அடியோடு தகர்க்கும் கூற்றைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஐந்தில் எதுவும் அப்படி இராது. நேரந்தான் வீணாகும்.

இனி, வாதங்களின் பாலம் எங்கெங்கே பழுதுபடும் என்று பார்ப்போம். பெரும்பாலும் ஐந்து இடங்களில் பழுது காணலாம்.

முதலாவது, வேறு காரணம். மாங்காய்க் கதையும் மாலை வகுப்பும் இவ்வகையின.

இரண்டாவது, காரணமும் காரியமும் தலைகீழாதல். எந்தத் தெருவில் காவலர் அதிகமாக நடமாடுகிறார்களோ அந்தத் தெருவில் திருட்டும் அதிகம். ஆகவே காவலர் வந்தால் திருட்டு பெருகும் என்று ஒருவர் வாதிட்டால் நாம் சிரிப்போம். திருட்டு அதிகமான தெருவுக்குத்தானே காவலரை அனுப்புகிறார்கள்! தேர்வில் இதே பிழை நமக்குப் பழக்கமில்லாத பொருளில் வரும். அப்போது சிரிப்பு வராது, ஏமாற்றமே வரும்.

மூன்றாவது, தற்செயல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். ஒன்றன்பின் ஒன்று நடந்ததால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று கொள்ளும் பிழை இது. லண்டன் மாநகரில் 1854இல் வாந்திபேதி பரவியபோது, அசுத்தமான குடிநீரே அதற்குக் காரணம் என்று கண்ட மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவில் இருந்த நீரிறைக்கும் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். நோய் அடங்கியது. கைப்பிடியைக் கழற்றியதால்தான் அடங்கியது என்று இன்றும் சொல்வோர் உண்டு. ஆனால் மக்கள் பலர் அப்பகுதியை விட்டு ஓடிவிட்டனர் என்றும், கைப்பிடியைக் கழற்றுமுன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்றும் ஸ்னோவே எழுதி வைத்தார். தம் வெற்றிக் கதையின் வலுவைத் தாமே குறைத்துக்கொண்டார். அதனால் அவருடைய கொள்கை பொய்யாகிவிடவில்லை. அதற்கு வேறு நல்ல ஆதாரங்கள் இருந்தன.

நான்காவது, சிலரை வைத்து எல்லாரையும் அளத்தல். நம் வானொலிக்குக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் இந்த உரைகளைப் பாராட்டியிருக்கிறார்கள். ஆகவே நாட்டில் எல்லாருக்கும் இவை பிடித்திருக்கின்றன என்று நாம் மகிழலாமா? பிடிக்காதவர்கள் கடிதம் எழுதுவதில்லை. வானொலியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஐந்தாவது, எண்ணிக்கையையும் விகிதத்தையும் குழப்புதல். ஒரு நகரில் பத்து ஆண்டுகளில் சாலை விபத்துகள் இரு மடங்காயின. ஆகவே சாலைகள் முன்னைவிட ஆபத்தாகிவிட்டன என்பது ஒரு வாதம். அதே காலத்தில் அந்நகரில் வாகனங்கள் நான்கு மடங்காயின என்று தெரிந்தால்? ஒரு வாகனத்துக்கு இத்தனை விபத்து என்று கணக்கிடும்போது நிலைமை சீர்பட்டிருக்கிறது. எண் ஒன்றே, பொருள் மாறிவிட்டது.

இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதில்லை. பத்தியைப் படிக்கும்போது, "இந்த ஆதாரம் உண்மையாகவே இருந்தும் இந்த முடிவு தவறாக இருக்க முடியுமா? எப்படி முடியும்?" என்று உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி இந்த ஐந்து இடங்களில் ஒன்றுக்கு உங்களை அழைத்துச் சென்றுவிடும்.

தேர்வில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லி முடிக்கிறோம். முதலில் வினாவைப் படியுங்கள். வலுவைக் குறைக்கச் சொல்கிறதா, கூட்டச் சொல்கிறதா என்று பாருங்கள். அடுத்துப் பத்தியைப் படித்து முடிவைக் கண்டுபிடியுங்கள். முடிவு எப்போதும் கடைசி வரியில் இருக்கும் என்று நம்பாதீர்கள். முதல் வரியிலும் இருக்கும், நடுவிலும் ஒளிந்திருக்கும். முடிவைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள். "உயரும்" என்பது வேறு. "உயரக்கூடும்" என்பது வேறு. "எல்லாரும்" என்பது வேறு. "பலர்" என்பது வேறு. பிறகு ஆதாரத்தைக் கண்டு, நடுவில் உள்ள எடுகோளை உங்கள் சொந்தச் சொல்லில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அதன் பின்னரே ஐந்து கூற்றுகளுக்கும் போங்கள். கூற்று உண்மையா என்று ஆராயாதீர்கள். "உண்மையாக இருப்பின்" என்று வினாவே சொல்லிவிட்டது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பாலம் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜிமேட் தேர்வின் மொழிப் பகுதியில் 23 வினாக்களுக்கு 45 நிமிடம் தருகிறார்கள். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் முதல் அரை நிமிடத்தைப் பாலத்தைக் காண்பதற்குச் செலவிட்டால், மீதி நேரம் தாராளமாகப் போதும். பாலத்தைக் காணாமல் கூற்றுகளுக்குள் இறங்கியவருக்கோ ஐந்தும் விடையாகத் தோன்றும்.

நேயர்களே, தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். இந்தப் பழக்கம் முடியாது. நாளிதழில் ஒரு மருந்தின் விளம்பரத்தைப் படிக்கும்போதும், உறவினர் ஒருவர் பணத்தைப் போடச் சொல்லி ஒரு திட்டத்தை விளக்கும்போதும், தேர்தல் மேடையில் ஒருவர் புள்ளிவிவரம் அடுக்கும்போதும் அந்தக் கேள்வி நமக்குள் எழ வேண்டும். ஆனால் பிறர் வாதத்தில் பழுது காண்பது எளிது. நம் வாதத்தில் பழுது காண்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எண்ணியிருந்த பிளெட்சர், தம் எண்ணத்தைக் காத்துக்கொள்ளச் சோதனையை வளைக்கவில்லை. கூடத்தை மாற்றிப் பார்த்தார். உண்மை தமக்கு எதிராக வந்தபோது அதையே எழுதி உலகுக்கு அறிவித்தார். மலாயாவின் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் வெள்ளை அரிசிக்குப் பதிலாகப் புழுங்கலரிசி வருவதற்கு அத்தகைய நேர்மை துணைசெய்தது.

அடுத்த உரைக்குள் ஒரு சிறு வேலை செய்து வையுங்கள். நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு கருத்தைத் தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அதற்கு நீங்கள் காட்டும் ஆதாரத்தை எழுதுங்கள். பிறகு, அந்த ஆதாரத்தை மறுக்காமலே அந்தக் கருத்தின் வலுவைக் குறைக்கக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடி எழுதுங்கள். எழுத முடிந்தால் இன்றைய பாடம் உங்களுக்குக் கைவந்துவிட்டது என்று நாம் மகிழ்வோம்.